மட்டம் போடும் பேனல் எது? மீட்டர், மூடிப் பார்த்தல், இடமாற்றம், தெர்மல் கேமரா: ஓர் ஒப்பீடு

சோலார் உற்பத்தி குறைந்திருப்பது இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தப் பேனல் மட்டம் போடுகிறது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மல்டிமீட்டர் போதும் என்பார் ஒருவர். தெர்மல் கேமரா இல்லாமல் கதை ஆகாது என்பார் இன்னொருவர். செயலியைத் திறந்தால் எல்லாம் தெரியும் என்பார் மூன்றாமவர். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேனல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பேனலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழிகள்தான் உருப்படியானவை. கழற்றிவைத்து வோல்ட் பார்ப்பது அதற்கு அடுத்தபடி.

சந்தேகப்படுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 400 வாட் என்று அச்சிட்ட பேனல் 320 வாட் தந்தால் அது கோளாறு இல்லை. அந்த 400 என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், 25 டிகிரி செல்சியஸ் செல் வெப்பம் என்ற ஆய்வக நிலையில் அளந்த எண். கூரையில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டாலும் சூட்டிலேயே 12 சதவீதம் போய்விடும். மீதிக் குறைவுக்கு வெயிலின் சாய்வும் லேசான தூசியும் போதும். ஆகவே லேபிளோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே திசையில், அதே சாய்வில் இருக்கும் இன்னொரு பேனலோடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, மல்டிமீட்டர். கையில் இருப்பது அதுதான் என்பதால் எல்லோரும் அதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பேனலைக் கழற்றி இரு முனையிலும் வோல்ட் பார்க்கிறோம், 39 வோல்ட் காட்டுகிறது, ‘பேனல் நன்றாக இருக்கிறது’ என்று இறங்கிவிடுகிறோம். ஏமாறும் இடம் இதுதான். திறந்த நிலை வோல்ட் வெளிச்சத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. மேகமூட்டத்திலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். மின்னோட்டமே இல்லாதபோது அளப்பதால், தளர்ந்த கனெக்டரோ உள்ளே விட்டுப்போன சாலிடரோ உண்டாக்கும் இழப்பும் அதில் தெரியாது. வோல்ட் சோதனை கச்சிதமாகக் காட்டிக்கொடுப்பது முக்கியமாக இரண்டைத்தான். ஒன்று, முழுக்கச் செத்த பேனல். இன்னொன்று, ஷார்ட் ஆன பைபாஸ் டையோடு, அதாவது மக்கர் செய்யும் செல்களைத் தாண்டி மின்னோட்டத்தைக் கடத்திவிடும் சிறு பாகம். வழக்கமான பேனலில் மூன்று டையோடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குச் செல்களைக் காவல் காக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் 39 இருக்க வேண்டிய இடத்தில் 26 காட்டும். சந்தேகத்துக்கே இடமில்லை.

‘அப்போது ஆம்பியர் பாருங்கள்’ என்பார்கள். இரு முனையையும் நேராக இணைத்து அளக்கும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் வெயிலுக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும், அதனால் பேனல் முழுக்கச் சீராகப் படிந்த அழுக்கு இதில் தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு செல் உடைந்திருந்தால்? அந்தச் செல் இருக்கும் பகுதியை டையோடு தாண்டிப் போய்விடும். மற்ற இரண்டு பகுதிகளின் ஆம்பியர் அப்படியே மீட்டருக்கு வரும். வோல்ட் சரி, ஆம்பியர் சரி, ஆனால் வேலை செய்யும்போது திறனில் மூன்றில் ஒன்று காணாமல் போகும். இரண்டு தேர்விலும் பாஸாகி வேலையில் கோட்டை விடும் பேனல்! இன்னொரு சங்கடம்: பெரும்பாலான மல்டிமீட்டர்கள் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும், இப்போது வரும் பெரிய பேனல்கள் 13 ஆம்பியரைத் தாண்டுகின்றன. ஒயரைக் கவ்விப் பிடித்து டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் இதற்குச் சரி. ஏசி மட்டும் அளக்கும் சாதாரணக் கிளாம்ப் இங்கே உதவாது.

எல்லாப் பேனலும் ஒன்றோடொன்று தொடராக இணைந்து ஒரே வரிசையாக (ஸ்ட்ரிங்) ஓடும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது மூடிப் பார்க்கும் சோதனை. செலவே இல்லை, ஒரு கனெக்டரைக்கூடத் தொட வேண்டாம். மேகமில்லாத நடுப்பகலில் ஒருவர் இன்வெர்ட்டர் திரை முன்னால் நிற்க, இன்னொருவர் கெட்டியான அட்டையாலோ தடித்த துணியாலோ ஒரு பேனலை முழுதாக மூட வேண்டும். முழுதாக என்பது முக்கியம். அரைகுறையாக மூடினால் கணக்கு குழம்பும். ஓரிரு நிமிடம் பொறுத்தால் இன்வெர்ட்டர் புதிய நிலைக்கு வந்துவிடும். பத்துப் பேனல் சேர்ந்து 3200 வாட் தருகிறது என்றால், நல்ல பேனலை மூடும்போது ஏறக்குறைய 320 வாட் இறங்க வேண்டும். ஒரு டையோடு பகுதி போன பேனல் என்றால் 210 வாட் அளவுக்குத்தான் இறங்கும். மூடியும் எண் அசையவில்லை என்றால் குற்றவாளி அதுதான். அழுக்கேறிய பேனலிலும் இதே மாதிரி நடக்கும், ஏனென்றால் அது ஸ்ட்ரிங் முழுவதன் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சத் திறனைத் தேடும் இன்வெர்ட்டர் தவறான புள்ளியில் மாட்டிக்கொண்டிருந்தால், மூடியதும் மொத்த உற்பத்தி கூடுவதைக்கூடப் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு ஸ்ட்ரிங்குகள் இணையாக ஒரே உள்ளீட்டில் சேர்ந்திருந்தால் முடிவு மங்கிவிடும். நாலைந்து பேனல் மட்டுமே உள்ள ஸ்ட்ரிங்கில் ஒன்றை மூடினால், வோல்ட் இன்வெர்ட்டரின் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போய் உற்பத்தியே நின்றுவிடலாம். கூரையில் ஏறியாக வேண்டும் என்பதும் உண்டு.

ஒவ்வொரு பேனலுக்கும் கீழே தனித்தனியாக மைக்ரோ இன்வெர்ட்டரோ (சிறு இன்வெர்ட்டர்) ஆப்டிமைசரோ (அந்தப் பேனலின் திறனைச் சீர்செய்யும் பெட்டி) உள்ள வீட்டில் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், செயலியே பேனல்வாரியாக எண் தரும். வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் செயலி காட்டுவதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஒரு பேனல் பூஜ்யம் காட்டினால் பல நேரம் அறுந்திருப்பது தகவல் தொடர்பு மட்டுமே, மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். நடுப்பகலில் வரைகோடு தட்டையாக வெட்டுப்பட்டது போல் நின்றால், அது மைக்ரோ இன்வெர்ட்டரின் உச்சவரம்பு, பேனலின் நோய் அல்ல. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, பொருத்தியவர்கள் வரிசை எண்களை மாற்றிப் பதிந்துவிடுவது. செயலியில் மூன்றாவதாகத் தெரியும் பேனல் கூரையில் ஏழாவதாக இருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பேனலை மூடிவிட்டு, செயலியில் எது விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எண்கள் சில நிமிட இடைவெளியில்தான் புதுப்பிக்கப்படும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

குறைந்த எண் எது என்று தெரிந்த பிறகு, குற்றம் பேனலிலா, கீழே இருக்கும் மின்னணுப் பெட்டியிலா, அந்த இடத்து நிழலிலா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு இடமாற்றத்தைப் போல் தெளிவான பதில் வேறெதுவும் தராது. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒயரை மட்டும் மாற்றி, அ பேனலை ஆ-வின் மைக்ரோ இன்வெர்ட்டரிலும் ஆ பேனலை அ-வின் மைக்ரோ இன்வெர்ட்டரிலும் செருகுவது முதல் வகை. குறைந்த எண் பழைய மைக்ரோ இன்வெர்ட்டரிலேயே தங்கினால் பெட்டிதான் பழுது. எண் அடுத்ததற்குத் தாவினால் பேனலோ நிழலோ. அந்த இரண்டில் எது என்று பிரிக்க, பேனலையே தூக்கி இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். அது ஆள்பலம் கேட்கும் வேலை. அதற்கு முன் காலையிலிருந்து மாலை வரை அந்த இடத்தில் புகைபோக்கி, மரக்கிளை, ஆன்டெனா ஆகியவற்றின் நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டால் பாதி நேரம் தூக்கவே வேண்டியிருக்காது.

கனெக்டரைக் கழற்றும் எந்தச் சோதனையிலும் ஒன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது: மின்னோட்டம் ஓடும்போது பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை இழுக்கக் கூடாது. டிசியில் மூண்ட தீப்பொறி ஏசியைப் போல் தானாக அணையாது, நீண்டு எரியும். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி, அப்புறம் டிசி ஐசொலேட்டர் (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று அணைத்துவிட்டு, பின்னர் கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று உறுதி. ஸ்ட்ரிங்கில் பல நூறு வோல்ட் நிற்கும். அதில் பழக்கமில்லாதவர்கள் மூடிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மீதியை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

தெர்மல் கேமராவை நான் ஒதுக்கவில்லை. போனில் செருகும் சிறிய வகைகூடப் பல கோளாறுகளைத் தொடாமலேயே காட்டிவிடும். பேனலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சீராகச் சூடேறியிருந்தால் டையோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. முழுப் பேனலும் அக்கம்பக்கத்தைவிட லேசாகச் சூடாக இருந்தால் அது இணைப்பிலேயே இல்லை; வெளியே போகாத மின்சாரம் சூடாக மாறுகிறது. ஒரே ஒரு செல் தகதகவென்றால் அது ஹாட்ஸ்பாட், தள்ளிப்போடக் கூடாதது. கனெக்டர் மட்டும் சுட்டால் பேனலைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் வானத்தையும் நம் உருவத்தையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டுப் பயந்துபோகிறவர்களும் உண்டு. சூடு எவ்வளவு என்று இது சொல்லும், எத்தனை வாட் போகிறது என்று சொல்லாது.

ஐவி கர்வ் டிரேசர் இவை அத்தனைக்கும் மேல். வோல்ட், ஆம்பியர், திறன் மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்து, படிக்கட்டு விழுந்தால் டையோடு, சரிவு சாய்ந்தால் தொடர் மின்தடை என்று பிட்டுப் பிட்டு வைக்கும். ஆனால் ஒரு வீட்டுக்காக இதை வாங்குவது வீண், தேவைப்படும்போது வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் போதும்.

உத்தரவாதத்தில் மாற்றக் கேட்கப் போகிறவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். மூடிப் பார்த்ததையும் செயலிப் படத்தையும் மட்டும் வைத்துத் தயாரிப்பாளரிடம் வாதிடுவது கடினம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் எழுத்தில் உள்ள அளவுகள்: வோல்ட், ஆம்பியர், முடிந்தால் ஐவி கோடும் தெர்மல் படமும், கூடவே அதே நேரத்தில் அளந்த நல்ல பேனலின் எண்கள். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும், எப்படியும் கூரையில் ஏறியிருக்கும்போதே, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.