மூன்று நாளில் ஏற்பு, பின்னாலேயே பில்: ஓர் ஆய்விதழின் சேவை

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அதுவும், கடிதம் போட்டால் உடனே பதில் வருகிறது என்பதற்காக.

இதழின் பெயரை எழுதிப் பயனில்லை. நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். என் மாணவி மண்ணில் வாழும் நூற்புழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரையை இவர்களுக்கு அனுப்பிவிட்டாள். அதை மீட்கும் வேலை என் தலையில் விழுந்தது. முனைவர் பட்டமே வாங்காதவளைப் 'புகழ்பெற்ற பேராசிரியரே' என்று விளித்து, பல் மருத்துவச் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள்!

சக ஆய்வாளர் மதிப்பீடு 72 மணி நேரத்தில் முடியும் என்பது விளம்பரம். சொன்ன சொல் தவறவில்லை. வந்த மதிப்பீடு மொத்தமும் இதுதான்: 'கட்டுரை நன்று. ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்தவும்.' மூன்றாம் அட்டவணையில் ஒரு நெடுவரிசை முழுக்கக் காலியாகக் கிடந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் இதழாளர், வேண்டுமென்றே பிழைகளோடு புனைந்த கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சரிபார்க்காமலே அச்சிட்டுப் பணம் பார்க்கும் அந்தத் தொழில் இன்றும் படுக்கவில்லை.

கட்டணம் வாங்குவதைக் குறை சொல்லமாட்டேன். பிளாஸ் ஒன் போன்ற முறையான திறந்த அணுக்க இதழ்களும் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) வாங்குகின்றன. ஆனால் தொகையை முன்பே வெளிப்படையாகப் போட்டுவிடுகின்றன. இங்கே ஏற்புக் கடிதம் வந்த பிறகுதான் தொகையே தெரிந்தது. வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்றால் 'விலக்கல் கட்டணம்' என்று இன்னொரு பில். நூலகர் ஜெஃப்ரி பீல் இத்தகைய பதிப்பகங்களைப் 'பிரிடேட்டரி', அதாவது இரைதேடி வேட்டையாடுபவை, என்று அழைத்ததில் மிகையே இல்லை.

இணையதளத்தில் ஐஎஸ்எஸ்என் எண் பளிச்சென்று இருக்கிறது. அது வெறும் அடையாள எண், தரச் சான்று அல்ல. தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்று ஓர் எண்ணும் போட்டிருக்கிறார்கள். அந்த அளவைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் தேடினால் இதழே இல்லை. ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே கட்டுரை அனுப்பி மாட்டிக்கொண்டவர்கள் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். அங்கே அச்சேறிவிட்டால் நல்ல இதழ் எதுவும் அந்தக் கட்டுரையைத் தொடாது. திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து அனுப்பும் இதழின் ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி அதைக் காட்டலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.