லைனில் வளர்ந்த சூப்பர்வைசரா, டிப்ளமோ சூப்பர்வைசரா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி அடிக்கடி வரும். டிப்ளமோ முடித்து நேரே வருபவருக்கு டிராயிங், ரிஜெக்‌ஷன் கணக்கு எல்லாம் அத்துபடி. லைனிலேயே, அதாவது உற்பத்தி நடக்கும் மெஷின் வரிசையிலேயே, பத்து வருடம் நின்றவருக்கோ, மெஷின் சத்தம் மாறினாலே டூல் தேய்ந்துவிட்டது என்று தெரியும். ராயக்கோட்டையிலிருந்து வரும் பையன் நைட் ஷிப்டில் ஏன் தடுமாறுகிறான் என்பதும் தெரியும். என் ஓட்டு இவருக்குத்தான்.

ஒரே குறை, சொல்லித்தரப் பொறுமை இல்லாமல் பையனை விலக்கிவிட்டுத் தானே செய்துவிடுவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இதற்கென்றே நான்கு படிகளைப் பழக்கினார்கள்: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், அப்புறம் அவ்வப்போது போய்க் கவனி. அதை அவருக்குப் பழக்குங்கள். ரிப்போர்ட்டுக்கு டிப்ளமோக்காரரைத் துணைக்கு வைக்கலாம்.