6ஜியா, 6எச்சா: போல்ட் மரைக்கு எது?

முலாம் பூசப்போகும் போல்ட் என்றால் 6ஜிதான். பணம் போய்த்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

6ஜி, 6எச் என்பவை மரையின் அளவு எல்லைகளைச் சொல்லும் குறியீடுகள். குறியீட்டில் எண் என்பது அளவு எவ்வளவு விலகலாம் என்பது. எண் குறைந்தால் கெடுபிடி கூடும். எழுத்து, அந்த விலகல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும். போல்ட்டுக்குச் சிறிய ஆங்கில எழுத்து (g, h), நட்டுக்குப் பெரிய எழுத்து (H). 6ஜி, 6எச் இரண்டிலும் எண் ஒன்றே. ஆகவே 6எச் 'உயர்தரம்' என்று கேட்டு வாங்குவது வீண். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

எம்10, 1.5 பிட்ச் போல்ட்டைப் பாருங்கள்: வெளிவிட்டம் 10 மி.மீ., மரைக்கு மரை 1.5 மி.மீ. 6எச் என்றால் பிட்ச் விட்டம் (மரையின் மேடும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) அதிகபட்சம் 9.026 மி.மீ. வழக்கமான 6எச் (6H) நட்டின் குறைந்தபட்ச அளவும் அதே 9.026. நடுவே ஒன்றுமே மிச்சமில்லை. 6ஜி போல்ட்டோ 8.994-இல் நின்றுவிடும், 32 மைக்ரான் (0.032 மி.மீ.) கையிருப்பு.

அந்த 32 எதற்கு? மரையின் இரு சரிவுகளும் ஒன்றுக்கொன்று 60 பாகையில் இருப்பதால், முலாம் எவ்வளவு தடிமனோ அதன் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் பெருக்கும். 5 மைக்ரான் துத்தநாகம் 20 மைக்ரானைத் தின்றுவிடும். 6ஜி தாங்கும்; 8 மைக்ரான் வரை தாங்கும். 6எச்சில் அதற்கு இடமே இல்லை.

நான் வாங்கிய 6எச் போல்ட்டுகள் முலாமுக்கு முன், மரை அளவைச் சோதிக்கும் கேஜில் வழுக்கிக்கொண்டு போயின. திரும்பி வந்ததும் நட் இரண்டு சுற்றில் நின்றது. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் முலாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எல்லாமே மக்கர் செய்திருந்தால்கூட நிம்மதி. மேல் எல்லையை ஒட்டியவை மட்டும் அடம்பிடித்ததால், ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்துப் பிரிக்க வேண்டியதாயிற்று.

6எச்சால் ஆட்டம் குறையுமே என்பீர்கள். மிகப் பெரிய நட்டும் மிகச் சிறிய போல்ட்டும் சேர்ந்தால் 6எச்சில் 0.312 மி.மீ. இடைவெளி, 6ஜியில் 0.344. வித்தியாசம் அவ்வளவே. ஆட்டம்தான் கவலை என்றால் எண்ணைக் குறையுங்கள்: போல்ட்டுக்கு 4எச், நட்டுக்கு 5எச். முலாமில்லாத சில சரிசெய் திருகுகளில் 4எச் போட்டேன், நன்றாகவே இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் அதற்குமேல் உறுதி தரமாட்டேன்.

வரைபடத்தில் இப்போது 'முலாமுக்கு முன் 6ஜி' என்று எழுதிவிடுகிறேன். முலாமுக்குப் பின் சோதிப்பது 6எச் 'கோ' கேஜில், அதாவது போல்ட் மேல் எல்லையைத் தாண்டாவிட்டால் ஏறிவிடும் கேஜில். அந்த எழுத்துக்கு என்னிடம் மிஞ்சிய வேலை அதுதான்.