முகநூலா, செய்திமடலா, சொந்தத் தளமா: படைப்பை எங்கே வைப்பது?

கோயில் மண்டபங்களையும் பழைய தெருக்களையும் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். பல ஆண்டுகளாக முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுவந்தவற்றை அண்மையில் சொந்தத் தளத்துக்கு மாற்றிவிட்டேன். மாற்றும் முன் மூன்று வழிகளை எடைபோட்டேன்: இருக்கும் இடத்திலேயே இருப்பது, எழுதியதை வாசகர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் சப்ஸ்டாக் போன்ற செய்திமடலுக்குப் போவது, சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளால் தளம் நடத்துவது. நான் மூன்றாவதன் பக்கம். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு ஆகாது.

முகநூலில் தமிழ் வாசகர்கள் திரண்டிருக்கிறார்கள், செலவும் இல்லை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. படைப்பின் உரிமை உங்களுடையதே என்று விதிமுறையில் எழுதியிருப்பதும் உண்மை. ஆனால் அதே விதிமுறை, உலகம் முழுவதும் செல்லும், ராயல்டி தர வேண்டாத, பிறருக்கும் கைமாற்றித் தரக்கூடிய உரிமம் ஒன்றை நிறுவனத்துக்கு வழங்குகிறது. பொதுவில் இட்ட பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக, முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா 2024இல் அறிவித்தபோது ஓவியர்கள் கொதித்தது இதனால்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி. நாளை இங்கிருந்து கிளம்பினால் எதை எடுத்துக்கொண்டு போகலாம்? மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ் மின்னஞ்சல் குழுமங்கள் யாஹூவில் இயங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை அழிக்கத் தொடங்கினார்கள்; 2020 டிசம்பரில் சேவையையே மூடினார்கள். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அங்கே நடந்த உரையாடல்களைச் சேமிக்கும் பொறுப்பு எழுதியவர்கள் தலையில் விழுந்தது, எல்லோராலும் முடியவில்லை.

முகநூலில் உங்கள் தரவைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது, சரி. அதை ஜேசான் வடிவில் (நிரல்கள் படிக்க ஏற்ற கோப்பு) கேட்டால் தமிழ் எழுத்துகள் குறியீட்டுக் குப்பையாக வந்து சேர்கின்றன. ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. எச்டிஎம்எல் வடிவில் (உலாவியில் திறக்கும் வலைப்பக்கம்) எடுங்கள், தமிழ் ஒழுங்காக இருக்கும். ஆனால் அதைப் படிக்கலாமே தவிர, பதிவு பதிவாகப் பிரித்து வேறு தளத்தில் ஏற்றுவது பெரும்பாடு. படங்களின் நிலை இன்னும் மோசம். இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. தூண் சிற்பத்தின் நுண்கோடுகள் அதில் மங்கிப்போகும். மூலக் கோப்பைத் தனியாக வைத்திருக்காதவருக்குத் திரும்பக் கிடைப்பது அந்த மங்கல்தான். பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு வர வழியே இல்லை.

சப்ஸ்டாக் இந்தக் கேள்வியில் நன்றாகவே தேறுகிறது. எழுதியவற்றையும் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் எப்போது வேண்டுமானாலும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை 50 டாலர் கட்டினால் சொந்த டொமைனையும் இணைக்கலாம். கட்டணச் சந்தா வைத்தால் 10 விழுக்காடு அவர்களுக்கு. பணம் ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாகத்தான் வரும். இந்தியாவில் ஸ்ட்ரைப் 2024 முதல் அழைப்பு பெற்றவர்களுக்கே கணக்குத் திறக்கிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழருக்கு எளிதானது மதுரையில் இருப்பவருக்கு எளிதல்ல. இன்னொன்று: ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மின்னஞ்சலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். ஒருங்குறியை இணையத்தில் வழக்கமாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. நீண்ட கட்டுரை எழுதும் தமிழர் அந்த வரம்பை வெகு சீக்கிரம் தொட்டுவிடுவார். தொழில்நுட்பமே வேண்டாம், எழுதினால் போதும் என்பவருக்கு இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

சொந்தத் தளத்தில் நீங்கள் வாங்குவது அடிப்படையில் ஒரு முகவரி. தளத்தின் கோப்புகளைத் தாங்கி வைக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையா, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்து வேறிடம் போகலாம். முகவரி மாறாது, வாசகர் பத்து ஆண்டுகளுக்கு முன் குறித்துவைத்த சுட்டியும் வேலை செய்யும். வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கும் கட்டற்ற மென்பொருள், எந்த ஒரு நிறுவனமும் அதைப் பூட்டிவைக்க முடியாது. படத்தை நான் விரும்பும் அளவில் வைக்கிறேன். இந்த வாரம் வரைந்ததையும் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையதையும் ஊர்வாரியாக அடுக்கியிருக்கிறேன். காலவரிசையில் புதைந்துகிடந்தபோது அவை ஒன்றோடொன்று பேசவே இல்லை.

பராமரிப்பு உண்டு. மென்பொருளையும் அதோடு சேர்க்கும் கூடுதல் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தவறினால் யாராவது உள்ளே நுழைவார்கள். காப்புநகல் ஒன்று ஹோஸ்டிங்குக்கு வெளியே, உங்கள் வன்தட்டில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தளம் அமைத்துக் கொடுப்பவர் தன் பெயரிலேயே பதிந்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். அப்படியானால் முகநூலிடம் இருந்த பிடி அவரிடம் போகிறது, அவ்வளவுதான்.

வாசகர் எண்ணிக்கை குறையும். எனக்குக் குறைந்தது. வருகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், நின்று படிக்கிறார்கள். அது எனக்குப் போதும், எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். வரைவதையே வயிற்றுப்பாடாகக் கொண்டவர் முகநூல் கணக்கை மூடாமல், படைப்பை முதலில் தளத்தில் ஏற்றிவிட்டுச் சுட்டியை மட்டும் அங்கே கொடுக்கலாம். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்புகளைத் திரட்ட அனுப்பும் நிரல்களைத் தளத்தில் தடுக்க ஒரு கோப்பு வைக்கலாம். அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. பல தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) இணைந்த சமூக வலையமைப்பான மாஸ்டடானில் நான் வாசகராக மட்டுமே இருந்திருக்கிறேன், ஆகவே அதைப் பற்றி அதிகம் பேசும் தகுதி எனக்கில்லை. ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முகநூல் தெளிவாக முந்தும் இடம் ஒன்று இருக்கிறது. ஒருவர் இறந்தபின்னும் அவர் கணக்கை நினைவுப் பக்கமாக வைத்திருக்கிறார்கள், யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. சொந்தத் தளமோ ஆண்டுக் கட்டணம் நின்றதும் மறைந்துவிடும். டொமைனை ஒரே நேரத்தில் பத்து ஆண்டுகள் வரை புதுப்பிக்கலாம். நான் அப்படிச் செய்து, கடவுச்சொல்லை என் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். ஹோஸ்டிங் கட்டணத்துக்கு இன்னும் வழி காணவில்லை.