கிளாசிக் லோலிடாவா, பிங்க் ஹவுஸ் பருத்தியா?

பழைய ஷோஜோ மாங்காவில், அதாவது ஜப்பானில் சிறுமிகளுக்காக வரையப்பட்ட படக்கதைகளில், வரும் பெண்களைப் போல உடுத்த ஆசைப்பட்டால், ஜப்பானில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று கிளாசிக் லோலிடா என்ற, பழைய ஐரோப்பிய உடைகளைத் தழுவிய பாணி; மற்றொன்று பிங்க் ஹவுஸ் என்ற ஜப்பானிய பிராண்டின் வகைப் பருத்தி உடைகள். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

லோலிடாவின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுத்து வரை ஏறும் லேஸ் பிளவுஸ், உள்ளே பெட்டிகோட் தாங்கி நிற்கும் மணி வடிவப் பாவாடை. 1972இல் ‘மார்கரெட்’ இதழில் இகேதா ரியோகோ தொடங்கிய ‘வெர்சாயின் ரோஜா’ மாங்காவின் அரண்மனைக் கனவை நேரில் காண வேண்டுமானால் இதுதான் உடை.

ஆனால் அந்தப் பத்தாண்டில் இன்னொரு கனவும் இருந்தது. ‘ரிபோன்’ மாத இதழில் முட்சு ஏகோ, தாச்சிகாகே ஹிதேகோ போன்றவர்கள் சாதாரணப் பெண்களின் முதல் காதலை வரைந்தார்கள். அந்தப் பெண்கள் உடுத்தியவை அன்றாடம் போட்டுக்கொள்ளக்கூடிய உடைகள். 1973இல் கனேகோ இசாவோ தொடங்கிய பிங்க் ஹவுஸின் பூப்போட்ட பருத்தியும் அடுக்கடுக்கான ஃபிரில்லும் எனக்கு அந்த உலகத்தைத்தான் நினைவூட்டுகின்றன. எனக்கு வேண்டிய ரொமான்ஸ் இதுதான்: கடைக்குப் போகும்போதும் உடுத்தலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது துவைப்பு. டோக்கியோவின் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஒருமுறை உடுத்தினாலே வியர்வை ஊறிவிடும். வெல்வெட், உள்துணி, ரிப்பன் எல்லாம் சேர்ந்த லோலிடா கவுன்கள் பலவற்றை வீட்டில் துவைக்கக் கூடாது, டிரை கிளீனிங்தான். அது எண்ணெய்க் கறையை எடுக்கும், வியர்வையை முழுதாக எடுக்காது. தங்கிய வியர்வை நாளாக ஆகக் கக்கத்தில் மஞ்சளாகத் தெரியும். பருத்தி அப்படியில்லை. தண்ணீர் பட்டால் வியர்வை போய்விடும்.

பழந்துணிக் கடையில் வாங்குபவர்கள் உள்தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். 2016 டிசம்பரில் ஜப்பான் சலவைக் குறிகளை மாற்றியது. அதற்கு முந்தைய உடைகளில் பழைய குறிகள்தான் இருக்கும். சதுர வாஷிங் மெஷின் படத்துக்குள் 40 என்றிருந்தால் 40 டிகிரி வரை மெஷினில் போடலாம். தோள்பட்டையில் சாய்கோடு போட்ட சட்டைப் படம் இருந்தால் நிழலில் காயப்போட வேண்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் துவைக்கக் கூடாது; அதை எவ்வளவு பிடித்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பருத்தியிலும் வேலை இல்லாமல் இல்லை. சிவப்புப் பூ, வெள்ளை லேஸ் என்றால் சாயம் இறங்கலாம். ஈரமான வெள்ளைத் துணியை உள்மடிப்பில் அழுத்திப் பார்த்துவிட்டு, தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் அலசிவிடுங்கள். சுருக்கு அதிகமான பாவாடை நனைந்தால் நல்ல கனம். முழு உடையை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபடும், கொடியில் மடித்துப் போடுங்கள். முழுதாகக் காய்வதற்குள், இஸ்திரிப் பெட்டியின் முனையைச் சுருக்குக்குள் நுழைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு பாவாடைக்கே முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

திரும்ப விற்பதென்றால் லோலிடாவுக்கே முதலிடம். பெயர்பெற்ற பிரிண்ட்டுகள் புதிதாக வந்த விலைக்கு மேலேயும் கைமாறுவது உண்டு. பணத்தைத் திரும்ப எடுக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போகலாம்.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. ஓவியர் நகஹாரா ஜுன்இச்சி 1946இல் ‘சொலேய்’ இதழைத் தொடங்கியது, பொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலும் பெண்கள் அழகாக வாழலாம் என்று காட்டத்தான். அவர் வரைந்த வெள்ளைக் காலர், இறுக்கிய இடை, விரிந்த பாவாடை எல்லாம் வீட்டுத் தையலுக்கு நன்றாக அடங்கும்.

குளிர்காலம் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பருத்தி மேல் பருத்தியாக அடுக்கி, மேலே கம்பளிக் கார்டிகன் போட்டுச் சமாளிக்கிறேன். ஜனவரிக் காற்றில் வெல்வெட் கவுனே மேல் என்று அதை உடுத்துபவர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.