வீட்டில் வாய்ஸ் ஓவர்: கண்டென்சரா, டைனமிக்கா?

வீட்டிலிருந்தே காணொளிக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் குரல் பதிய (அதுதான் வாய்ஸ் ஓவர்) இரண்டு வகை மைக் உண்டு. மெல்லிய சவ்வால் குரலின் நுணுக்கத்தையெல்லாம் வாங்குவது கண்டென்சர், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு மேடையில் பிடித்துப் பாடுகிற மாதிரியானது டைனமிக். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டைனமிக் மைக் பக்கம். நண்பர் ஒருவரின் யூஎஸ்பி கண்டென்சர் மைக்கைக் கொஞ்ச காலம் வாங்கி வைத்துப் பேசிப் பார்த்தேன். அதன் பிறகு ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியும் வாங்கினேன். பாடக் காணொளிகளுக்கும், அவ்வப்போது வரும் ஒலிப்புத்தக வேலைக்கும் இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போயா பிஒய்-எம்1 மாதிரி ஒன்றை வாங்கிப் போனில் செருகினால் அன்றைக்கே பேச ஆரம்பித்துவிடலாம். வாசித்துப் பழக, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ள அது போதும். ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் வரும் சத்தத்தை ஒரே அளவில் வாங்குகிற மைக் அது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குச் சீக்கிரமே போதாமல் போகும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

கண்டென்சர் மைக்கின் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ப்ளூ யெட்டி, ஆடியோ டெக்னிக்கா ஏடி2020யூஎஸ்பி போன்றவற்றை ஒரு கேபிளில் செருகினால் வேலை முடிந்தது, இன்டர்ஃபேஸ் என்று தனியாக எதுவும் வேண்டாம். குரலின் நுணுக்கம் அத்தனையும் அதில் விழும். பெரிய ஸ்டுடியோக்களில் பேர்போன நோய்மான் யூ87கூடக் கண்டென்சர்தான். அதோடு ஒப்பிட்டால் எஸ்எம்58 கொஞ்சம் மங்கல். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில் அதன் எல்லை 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, கண்டென்சர்கள் 20,000 வரை போகும்.

அப்புறம் ஏன் டைனமிக்? காரணம் மைக்கில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது. ஸ்டுடியோவில் அந்த யூ87ஐச் சுற்றி சத்தம் புகாத சுவரும் எதிரொலி எழாத அறையும் இருக்கின்றன. நம் வீட்டில் டைல்ஸ் தரை, வெறும் சிமென்ட் சுவர், மூடினாலும் இடுக்கு விடுகிற ஜன்னல். அடுத்த வீட்டு மிக்ஸி, தெருமுனை நாய், மார்கழியில் விடியும் முன்பே தொடங்கிவிடும் கோயில் ஒலிபெருக்கி. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால்கூட பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுவது ஹெட்போனில் மெல்லக் கேட்கும்.

ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டித் தருவதாகப் பலர் சொல்வார்கள். அப்படி ஒரு மாயம் எதுவும் இல்லை. இரண்டு வகை மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே திசையில் வைத்தால், குரலுக்கும் ஃபேன் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வித்தியாசத்தைக் கொண்டுவருவது தூரம். மைக்கை வாய்க்கு இரண்டு மடங்கு பக்கத்தில் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) கூடும், அறையின் சத்தம் அப்படியே இருக்கும். 12 அங்குலத்தில் பேசுகிறவர் 3 அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். இது சின்ன லாபம் இல்லை.

கண்டென்சரை 3 அங்குலத்தில் வைத்துப் பேச முடியாதா? முடியும். ஆனால் மூச்சு, எச்சில் நாக்கில் ஒட்டிப் பிரியும் சத்தம், 'ச'வின் சீறல் என எல்லாம் சேர்ந்து வந்து காதைக் குத்தும். அதனால்தான் பலரும் அதை ஒரு சாண் தள்ளியே வைக்கிறார்கள். தள்ளி வைத்ததும் அறை உள்ளே வந்துவிடுகிறது. எஸ்எம்58 மேடையில் உதட்டோடு உரசிப் பாடுவதற்கென்றே 1966இல் வந்த மைக். பக்கத்தில் போகப் போகக் குரலுக்குக் கனம் கூடும், நுனி மழுங்கியே இருக்கும். ஸ்டுடியோவில் மங்கலாகத் தெரிகிற அதே குணம் வீட்டில் நமக்குச் சாதகம்.

இன்னொன்று திசை. எஸ்எம்58க்கு நேர் பின்பக்கம், அதாவது கேபிள் செருகும் பக்கம், மிகக் குறைவாகக் கேட்கும். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மைக்கின் முதுகு ஜன்னலுக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டை வைக்கிறேன். எனக்குப் பின்னால் மெத்தையும் துணிகள் தொங்கும் கொடியும். மைக் பார்க்கும் பக்கம் அதுதான், எனவே மெத்தென்ற பொருள் அங்கேதான் வேண்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, அது எதிரொலியை உறிஞ்சாது. நல்ல பருத்தி ரஜாய் இரண்டு தொங்கவிட்டால் அதைவிடப் பலன் உண்டு.

இதெல்லாம் காதுக்குப் பட்டால் போதாதா, எண் எதற்கு என்று தோன்றலாம். ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவுகளைப் பாருங்கள். பதிவில் 0 டெசிபல்தான் உச்ச எல்லை, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். குரலின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. முதல் இரண்டையும் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் பிறகு சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவதுதான் வீட்டில் பதிபவர்களைத் திணறடிக்கும். ஏனென்றால் குரலைத் தூக்கும்போது இரைச்சலும் கூடவே ஏறும். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குக் கைகொடுக்கும். கொஞ்சம் அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். கீரைக்காரம்மாவின் குரல் நடுவில் விழுந்தால் எந்த மென்பொருளையும் நம்பாமல் அந்த வரியைத் திரும்பப் பேசுவதே நல்லது.

டைனமிக்கின் குறையையும் சொல்ல வேண்டும். அது தரும் சிக்னல் மெல்லியது, இன்டர்ஃபேஸில் கெயின் திருகை, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் திருகை, நிறையவே ஏற்ற வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் முழுக்கத் திருகினால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வரும், அப்போது டைனமிக் வாங்கியதன் பலனே போய்விடும். எனவே இன்டர்ஃபேஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ தரத்தில் ஒன்று எஸ்எம்58க்குப் போதும். பாட்காஸ்ட்களில் பார்த்து ஆசைப்படும் ஷூரின் இன்னொரு டைனமிக் மைக்கான எஸ்எம்7பி தரும் சிக்னல் இன்னும் மெல்லிசு, அதற்கு 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. தொடக்கத்தில் அது வேண்டாம்.

பராமரிப்பிலும் என் மனம் டைனமிக் பக்கமே சாய்கிறது. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் கண்டென்சரின் மெல்லிய சவ்வில் படிந்தால் படபடவென்று சத்தம் வரும், சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்க வேண்டும். எஸ்எம்58ஐ மேசையிலேயே விட்டுவிட்டுப் போகலாம். கண்டென்சரை நான் பல மழைக்காலம் வைத்துப் பார்த்தவன் இல்லை, எனவே எத்தனை காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாட்டுப் பதிவிலும் எனக்குப் பழக்கம் இல்லை. பாடுகிறவர்கள் கண்டென்சரையே விரும்புவதற்குக் காரணம் இருக்கும்.

ஏசி சத்தம்கூட இல்லாத, புத்தகமும் திரைச்சீலையும் நிறைந்த அமைதியான அறை உங்களுக்கு வாய்த்திருந்தால் யூஎஸ்பி கண்டென்சரையே வாங்குங்கள், செலவும் குறையும். தெருவைப் பார்த்த வீடு, ஆனால் மைக், இன்டர்ஃபேஸ் இரண்டும் சேர்த்து வாங்கக் கையில் பணம் இல்லை என்றால், சாம்சன் க்யூ2யூ நல்ல நடுவழி. டைனமிக் மைக், யூஎஸ்பியிலும் செருகலாம், இன்டர்ஃபேஸுக்குப் போகும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளிலும் செருகலாம். பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் ஓடும்.

எஸ்எம்58தான் என்று முடிவெடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட கடையில், பில்லோடு வாங்குங்கள். இந்த மைக்குக்குப் போலிகள் ஏராளம், பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். பில் இருந்தால் பின்னால் விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும்.