கிரீன் டீ: இலையா, கேப்சூலா?

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு எங்கள் வீட்டில் எந்நேரமும் எதிர்ப்புச் சக்தி பற்றித்தான் பேச்சு. நானும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் (இலையின் கெட்டியான சாறு) கேப்சூல் இரண்டு டப்பா வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நான்கு மாதம் போட்டேன். இப்போது மூன்று வருடமாகக் கேப்சூலைத் தொடுவதில்லை, கோத்தகிரி இலையைத்தான் போட்டுக் குடிக்கிறேன். நான் இலைப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வசதி என்று பார்த்தால் கேப்சூல்தான். வெந்நீர் வேண்டாம், கசப்பு இல்லை, வெளியூர் போனாலும் பையில் கிடக்கும். விலை பிராண்டுக்குப் பிராண்டு மாறுவதால் அதற்குள் போகவில்லை.

சரி, உள்ளே இருப்பது என்ன? எல்லோரும் சொல்வது ஈ.ஜி.சி.ஜி. தேயிலையில் இருக்கும் கேட்டசின்கள் என்ற பொருள்களில் ஒன்று அது. கறுப்புத் தேயிலைக்கு இலையைக் கசக்கிக் காற்றுப் பட விடுவார்கள், அப்போது கேட்டசின்கள் பெரும்பாலும் வேறு பொருள்களாக மாறிவிடும். கிரீன் டீக்கு இலையைச் சீக்கிரமே ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டிவிடுவதால் அவை தங்கிவிடுகின்றன, அவற்றில் அதிகமாக இருப்பது இந்த ஈ.ஜி.சி.ஜி.தான். எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று என் டப்பாவில் போட்டிருந்தது. ஆனால் 2011-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஈ.ஜி.சி.ஜி.யைக் கொடுத்துப் பார்த்தபோது கூடியது ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. இந்தச் செல்களின் வேலை கிருமியை அடிப்பதல்ல, நம் எதிர்ப்புப் படை நம் உடம்பையே தாக்கிவிடாமல் பிடித்து வைப்பது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்ல முடியாது, இருந்தாலும் இதை 'ஏற்றும்' மருந்து என்று விற்பது சரியில்லை என்பது என் கருத்து.

தேயிலையில் இருக்கும் இன்னொன்று தியானின் என்ற அமினோ அமிலம். உடம்பில் இது உடைந்து எத்திலமைன் என்ற பொருளாகிறது, அது காமா டெல்டா டி செல்கள் என்ற ஒரு வகைக் காவல் செல்களைத் தயார்நிலையில் வைக்கிறது. 2003-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்குத் தினம் 600 மில்லி தேநீரும் இன்னொரு குழுவுக்குக் காபியும் கொடுத்துப் பார்த்தார்கள். தேநீர் குடித்தவர்களின் ரத்த செல்கள் பாக்டீரியாவைக் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற, எதிர்ப்புச் செல்களை உசுப்பும் புரதத்தை முன்பைவிட அதிகமாகச் சுரந்தன, காபி குடித்தவர்களிடம் அது நடக்கவில்லை. மொத்தம் இருபது பேர் அளவிலான சின்ன ஆய்வுதான், அதுவும் அவர்கள் குடித்தது கறுப்புத் தேநீர். ஆனால் தியானின் கிரீன் டீ இலையிலும் இருக்கிறது, என் டப்பாவின் லேபிளில் அந்தப் பெயரே இல்லை.

கேப்சூலுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் சுமார் 200 பணியாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2011-ல் வெளியானது. ஐந்து மாதம் தினமும் 378 மில்லிகிராம் கேட்டசின், 210 மில்லிகிராம் தியானின் அடங்கிய கேப்சூல் போட்டவர்களில் 4.1 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை போட்டவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும் அறிகுறியை வைத்துப் பார்த்ததில் ஃப்ளூ வந்தது. ஆய்வகத்தில் உறுதி செய்தவற்றை மட்டும் எண்ணினால் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் நல்ல ஆய்வு, ஒதுக்க மாட்டேன்.

பிறகு ஏன் விட்டேன்? கல்லீரல்தான் காரணம். கேப்சூலை நான்கு மாதம் போட்ட பிறகு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் என் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கு அடிபட்டால் ரத்தத்தில் கூடும் என்சைம்) ஏறியிருந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னார், இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது. அதே நேரத்தில் ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் கேப்சூல்தான் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு தேடிப் படித்தது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்ன கணக்குப்படி கிரீன் டீயைக் குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. போகிறது. சப்ளிமென்டாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும்போது கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன. கெட்டியான சாறாக அடைத்துவிட்டால் அந்த அளவைத் தொடுவது சுலபம், கோப்பை கோப்பையாகக் குடித்து அங்கே போவது கஷ்டம். வெறும் வயிற்றில் போட்டால் சாப்பாட்டோடு போடுவதைவிட மூன்று மடங்குக்கும் மேல் ரத்தத்தில் ஏறும், நான் காலையில் செய்ததும் அதுதான். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாளைக்கு ஈ.ஜி.சி.ஜி. 800 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றும், வெறும் வயிற்றில் வேண்டாம் என்று லேபிளில் போட வேண்டும் என்றும் சட்டமே கொண்டுவந்தது. இதிலும் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு இருக்கிறது: கிரீன் டீ எக்ஸ்ட்ராக்டால் கல்லீரல் கெட்டவர்கள் பலரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்திருக்கிறது, எதைத் தாக்க வேண்டும் என்று செல்களுக்கு அடையாளம் காட்டும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எதிர்ப்புச் சக்திக்கென்று போட்டது, சிலருக்கு அந்தச் சக்தியையே கல்லீரல் மேல் திருப்பிவிடுகிறது போல. நமக்கு அந்த மரபணு இருக்கிறதா என்று கடையில் யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை.

இலை என்றால் எல்லோருக்கும் பத்திரம் என்றும் இல்லை. நாடலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை, கிரீன் டீ குடித்தவர்களின் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துபோனதை 2014-ல் ஜப்பானில் காட்டினார்கள். தினசரி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். மாட்சா என்ற கிரீன் டீத் தூள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், இரண்டு முறைதான் குடித்திருக்கிறேன்.

நான் குடிப்பது இப்படி: கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் இலை போட்டு, இரண்டு நிமிடத்தில் வடிகட்டி, எலுமிச்சை நாலு சொட்டு. டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு கப், மத்தியானம் ஒரு கப். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் கேட்டசின் தடுக்கும். அம்மாவுக்கு ரத்தசோகை, இரும்பு மாத்திரை போடுகிறார், அதனால் அவருக்கு மட்டும் நான் இதைக் கொடுப்பதில்லை.